மேடில்லாத வழி

பாளையங்கோட்டையிலிருந்து சேரன்மகாதேவி பதினெட்டு கிலோமீட்டர், அங்கே காலைச் சாப்பாடு, பிறகு வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அங்கே இளநீருக்குப் பத்து நிமிடம், பாலத்தைத் தாண்டினால் அம்பாசமுத்திரம், ஆற்றங்கரை விடுதி, மொத்தம் முப்பத்தாறு, எங்கேயும் மேடு கிடையாது என்று நோட்டில் எழுதினேன். எழுதிவிட்டு ‘மேடு கிடையாது’ என்பதன் அடியில் ஒரு கோடு போட்டேன். போட்ட பிறகு அந்தக் கோட்டைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. மேடு இல்லை என்பதை யாருக்காக அழுத்திச் சொல்கிறேன், யார் கேட்டார்கள்? ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி, மருந்துக்கடைக்கு மதியத்துக்கு மேல் விடுமுறை, சாப்பாட்டு மேசையில் நோட்டும் செல்போனும் வரைபடமும் பரப்பி வைத்து உட்கார்ந்திருக்கிறேன், அடுத்த அறையில் கோமதி பத்தாம் வகுப்புக் கணக்குத் தாள் திருத்திக்கொண்டிருக்கிறாள், அவள் பேனா தாளில் சறுக்கும் சத்தம் சரிக்கு ஒரு மாதிரியும் தப்புக்கு ஒரு மாதிரியும் கேட்கிறது, இருபத்தாறு வருடமாகக் கேட்கிற எனக்கு வித்தியாசம் தெரியும், இப்போது தப்பு, இப்போதும் தப்பு. ஐந்து மணிக்குப் பியூலா வருகிறாள். இன்று காலையில்தான் எங்கள் சைக்கிள் குழுவில் அவளுடைய செய்தி வந்தது, பத்து மாதத்தில் முதல் செய்தி: ‘இந்தத் தடவை நானும் வாரேன், என் பேரையும் சேர்த்துக்கோங்க, சாயங்காலம் வந்து ரூட்டைப் பார்க்கிறேன்.’ கீழே எல்லாரும் கைகூப்பும் படமும் பூவும் போட்டிருந்தார்கள், கோமதிகூட ‘வா பியூலா’ என்று எழுதியிருந்தாள், நான் மட்டும் ஒன்றும் போடவில்லை, ஏற்பாடு செய்கிறவன் நான், நான்தான் முதலில் போட்டிருக்க வேண்டும், கட்டை விரலைத் திரைக்கு மேல் வைத்துக்கொண்டு கடைவாசலில் நின்றேன், யாரோ இருமல் மருந்து கேட்டார்கள், போனைப் பையில் போட்டுவிட்டேன்.

ஆறு தம்பதிகள். எல்லாருக்கும் நாற்பத்தைந்துக்கு மேல். பிள்ளைகள் வெளியூருக்குப் போய்விட்ட வீடுகள். சர்க்கரைக்கும் மூட்டுவலிக்கும் நடக்கப் போனவர்கள் ஒரு நாள் நடப்பதை விட்டுச் சைக்கிளுக்கு மாறினோம், அது என் யோசனை. புருசனும் பெண்டாட்டியும் சேர்ந்துதான் வர வேண்டும், தனியாக வந்தால் சேர்க்கமாட்டோம், வேகமாகப் போகிறவர் மெதுவாகப் போகிறவரை விட்டுவிட்டுப் போகக்கூடாது, இதெல்லாம் நான் போட்ட சட்டம். வருடத்துக்கு ஒரு முறை இரண்டு நாள் வெளியூர். ஒவ்வொரு தடவையும் நான் ஏதாவது ஒன்று செய்து வைத்திருப்பேன், கல்யாண நாளன்று எடுத்த படத்தைப் பிள்ளைகளிடம் வாங்கிப் பெரிதாக்கி அறையில் மாட்டி வைப்பது, மல்லிகைப்பூவும் ஒரு சீட்டும் தலையணையில், ஆற்றங்கரையில் அரை மணி நேரம் எந்த ஜோடியும் இன்னொரு ஜோடியோடு பேசக்கூடாது என்று உட்கார வைப்பது. கிண்டல் பண்ணுவார்கள், சிவசைலத்துக்கு ஐம்பத்திரண்டு வயசில காதல் வந்துட்டுன்னு சொல்வார்கள், ஆனால் அந்த அரை மணி முடிந்து எழுந்து வரும்போது ஒருத்தர் முகத்தையும் பார்க்க முடியாது, அப்படி மெத்தென்று இருக்கும். எனக்கு அது பிடிக்கும். அதைத்தான் யோசிக்கிறேன், எனக்குப் பிடித்தது அவர்கள் சந்தோசமா, இல்லை அவர்கள் சந்தோசம் என் ஏற்பாடு என்பதா. இந்தத் தடவைக்கு எழுதி வைத்திருக்கிறேன்: சேரன்மகாதேவி தாண்டியதும் வாய்க்கால் கரையோரம் ஜோடி ஜோடியாக, இருநூறு மீட்டர் இடைவெளி விட்டு. வாய்க்காலில் தண்ணீர் ஓடும், இரண்டு பக்கமும் வயல், பச்சை கண்ணை அடிக்கும், போவது அடுத்த மாதம், பிப்ரவரி என்பதால் காலையில் இதமாக இருக்கும். ஜோடி ஒன்று, ஜோடி இரண்டு என்று எண் போட்டுக்கொண்டு வந்தேன். ஐந்தாவதுக்குப் பிறகு பேனா நின்றது. பியூலாவை யாரோடு போடுவது.

ஆறாவது ஜோடி, எபநேசரும் பியூலாவும். அவர் கல்லூரியில் பௌதிகம் நடத்தினார், உயரம், வழுக்கை, பேசும்போது எதையும் அளந்து பேசுவார், சைக்கிளில் காற்று எவ்வளவு அடித்திருக்கிறேன் என்பதைக்கூட எண்ணில்தான் சொல்வார். என் கடைக்கு அவர் அம்மாவுக்கு மருந்து வாங்க வந்து பழக்கம், அம்மா போன பிறகும் வந்தார், மருந்து வாங்காமல் அரை மணி நின்று பேசிவிட்டுப் போவார். என்னை முழுப்பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார், சைலம் என்பார். பியூலாவுக்கு சைக்கிளே தெரியாது, எங்கள் குழுவுக்காகத்தான் நாற்பத்தாறு வயதில் கற்றுக்கொண்டாள். போன மார்ச் மாதம் தென்காசியில் தங்கி, அங்கிருந்து செங்கோட்டை, புளியரை, எஸ் வளைவு ஏறிக் கோட்டைவாசல். அதுதான் என் திட்டம். ஆறு ஜோடியில் இரண்டு பேர் மேடு வேண்டாம் என்றார்கள். நான்தான் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் லாரி குறைவு, நாலு கிலோமீட்டர் ஏற்றம், முடியாதவங்க உருட்டிட்டு வரலாம், மேல போயி நின்னு பாத்தா அந்தப் பக்கம் கேரளா, இந்த வயசில பெண்டாட்டிய கூட்டிட்டு மலையேறினேன்னு சொல்லணும்லா என்று பேசிச் சம்மதிக்க வைத்தேன். எபநேசர் அந்த இரண்டு பேரில் ஒருவரா? இல்லை. இல்லை என்பதை எத்தனை தடவை எனக்குள் சொல்லியிருப்பேன், அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, அவர் சரிவு எத்தனை டிகிரி என்றுதான் கேட்டார். அதை ஏதோ ஒரு சாட்சி மாதிரிப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், அவர் கேட்டார், நான் சொன்னேன், அவர் சரி என்றார். ஆனால் அது ஏறுவதற்கு ஒரு வாரம் முன்னால். ஏறுகிற அன்றைக்கு அவர் சொன்னது வேறு.

அன்றைக்கு புளியரை டீக்கடையில் நிறுத்தினோம். காலை ஏழரை. பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்து வடை பிய்த்துக்கொண்டிருந்தார்கள். எபநேசர் கை கழுவுகிற மாதிரித் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் போய், என்னைக் கண்ணால் கூப்பிட்டார். போனேன். “சைலம், காலைல இருந்து இடது தோள்ல ஒரு கனம். நெஞ்சுக்குள்ள எரியுத மாதிரி இருக்கு. பியூலாட்ட சொல்லிராத, வேன்ல ஏத்திருவா” என்றார். அப்படியே சொன்னார், அளந்து, இடது என்று சொன்னார். முப்பது வருடமாக மருந்துக்கடையில் நிற்கிறவன் நான். இடது தோள் என்று ஒருவர் சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும். அவர் நெற்றியில் வேர்வை நின்றது, பெரிய பெரிய முத்தாக, வழியாமல். அந்த நேரத்தில் எனக்குள் ஓடியது என்ன என்று யாரிடமும் சொன்னதில்லை, எனக்கு நானே முழுதாகச் சொன்னதில்லை. ஆறு. அதுதான் ஓடியது. மேலே கோட்டைவாசலில் ஒரு போட்டோக்காரரை நிற்க வைத்திருந்தேன், ஆறு ஜோடிக்கும் மாலை எங்கள் சாமான் வேனில் முன்னாலேயே போய்விட்டது, பன்னிரண்டு மாலை, ஒரு ஜோடி வேனில் வந்து இறங்கினால் படம் என்னத்துக்கு ஆகும் என்று ஒரு எரிச்சல், ஒரு நொடி, கொசு கடித்த மாதிரி. “ராத்திரி பரோட்டா சாப்பிட்டோம்லா, கேஸா இருக்கும்” என்றேன். இடுப்புப் பையைத் திறந்தேன். மேல் அறையில் கேஸ் மாத்திரை, கீழ் அறையில் நெஞ்சுவலிக்கு ஆஸ்பிரின், நான்தான் அடுக்கினேன், என் விரல் கீழ் அறையின் ஜிப்பைத் தொட்டது, தொட்டு வந்தது. ஆஸ்பிரின் கொடுத்தால் அதுக்குப் பெயர் வந்துவிடும், பெயர் வந்தால் வேன் வர வேண்டும். மேல் அறையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் வாங்கி வாயில் போட்டு மென்றார். புதினா வாசனை. “நாலு கிலோமீட்டர்தான், பேசிக்கிட்டே மெதுவா போயிருவோம்” என்றேன். அவருக்கு அது நிம்மதியாக இருந்தது, தெரிந்தது, மருந்துக்கடைக்காரன் சொல்கிறான் என்று அவர் தோள் இறங்கியது. பெஞ்சிலிருந்து பியூலா திரும்பிப் பார்த்து, என்னண்ணே இவங்களுக்கு இப்படி வேர்த்திருக்கு என்று கேட்டாள். வெயில் ஏறிட்டுல்லா, நீங்க முன்னால போங்க, நாங்க பின்னால வாரோம் என்றேன். வெயில் இல்லை. மலையின் நிழல் டீக்கடை மேல் கிடந்தது, கணவாய்க் காற்று ஜிலுஜிலுவென்று அடித்துக்கொண்டிருந்தது.

கோமதி அடுத்த அறையிலிருந்து கேட்கிறாள், காபி இப்ப போடவா, பியூலா வந்த பிறகு போடவா என்று. வந்த பிறகு என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்டது. இந்தக் குரலில்தான் அன்றைக்கு செங்கோட்டை ஆஸ்பத்திரியிலும் பேசினேன். ஏற்றத்தில் இரண்டாவது திருப்பத்தில் எபநேசர் இறங்கினார். சைக்கிளை அப்படியே போடவில்லை, ஓரமாக உருட்டிக்கொண்டுபோய்த் தடுப்புச்சுவரில் சரியாகச் சாய்த்து வைத்தார், பெடல் சுவரில் உரசாமல் திருப்பி வைத்தார், பிறகு சுவரில் உட்கார்ந்தார், பிறகு சாய்ந்தார். நெஞ்சை அமுக்கினேன், எண்ணி எண்ணி அமுக்கினேன், போனில் சிக்னல் இல்லை, வேனும் மற்றவர்களும் மேலே, கீழே இறங்கி வந்த ஒரு வைக்கோல் லாரியை மறித்தேன், டிரைவர் ஒரு வார்த்தை கேட்காமல் தூக்கினார். லாரியில் அவர் தலை என் மடியில் இருந்தது, வாயில் இன்னும் புதினா வாசனை. பியூலா மேலிருந்து வேனில் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கையில் தாளில் சுற்றிய அன்னாசிப்பழத் துண்டு, உப்பும் மிளகாய்ப்பொடியும் போட்டது, அவருக்கு வாங்கி வைத்திருந்தாள், அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த இளம் டாக்டர் என்னிடம் கேட்டார், முன்னாடி ஏதாவது சொன்னாரா, வலி, எரிச்சல், அந்த மாதிரி. பியூலா என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “இல்ல சார், நல்லாத்தான் பேசிட்டு வந்தாரு” என்றேன். டாக்டர் எழுதிக்கொண்டார். அந்த நிமிடத்தில் சொல்லியிருந்தால் நான் ஒரு தப்புச் செய்தவன், அவ்வளவுதான், சொல்லாததனால் அது வேறு ஒன்றாகிவிட்டது, அதற்குப் பிறகு அடக்கத்தில், நாற்பதாம் நாள் ஜெபத்தில், எல்லா இடத்திலும் அது என்னோடு வந்தது, யாரும் ஒண்ணும் செய்திருக்க முடியாது சைலம் அண்ணாச்சி என்று ஆட்கள் என் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள், எனக்கு, நான் தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு கடைக்கு வந்து யார் கேஸ் மாத்திரை கேட்டாலும் நான் கொடுப்பதில்லை. தோள் வலிக்கா, கை கனக்கா, வேர்க்கா என்று கேட்பேன், போய் ஈசிஜி எடுத்துட்டு வாங்க என்பேன். ஜங்ஷனில் கிண்டல் ஆகிவிட்டது, சைலம் கடைக்குப் போனா ஏப்பம் விட்டாலும் ஈசிஜிதான் என்று. ஆடி மாதம் ஒரு மனுசன் வந்தார், ஆட்டோ ஓட்டுகிறவர், என் பேச்சைக் கேட்டுப் போய் எடுத்ததில் அடைப்பு இருந்ததாம், இரண்டு நாள் தாமதித்திருந்தால் போயிருப்பேன் என்று பெண்டாட்டி பிள்ளையோடு வந்து பழம் கொடுத்துவிட்டுப் போனார். அந்தப் பழத்தை வீட்டுக்குக் கொண்டுவர முடியவில்லை. அவர் பெண்டாட்டி என்னைக் கும்பிட்டபோது எனக்கு வந்த நினைப்பு, பியூலாவுக்கும் இப்படி ஒரு நாள் இருந்திருக்கும், அவ்வளவுதானே வேண்டியிருந்தது, ஒரு வார்த்தை, பியூலா இங்க வா, உங்க வீட்டுக்காரர் என்னமோ சொல்லுதாரு பாரு. வேனில் அரை மணி நேரத்தில் தென்காசி. பிழைத்திருப்பாரா? தெரியாது. பிழைத்திருக்கமாட்டார் என்று நினைத்துக்கொள்ள நிறையப் படித்தேன், எத்தனை சதவீதம், எத்தனை நிமிடம், எல்லாம் படித்தேன், ஒவ்வொரு தடவையும் கணக்கு வேறு மாதிரி வந்தது, சில நாள் அவர் சாகிறார், சில நாள் பிழைத்துக் கடைக்கு வந்து நிற்கிறார்.

நாலேகால். அறை ஒதுக்கீடு எழுத வேண்டும். விடுதியில் ஆறு அறை, எல்லாம் ஆற்றைப் பார்த்தது. பியூலாவும் கோமதியும் ஒரு அறை, நான் தனியாக என்று எழுதினேன். நல்ல யோசனை, பெருந்தன்மை மாதிரி இருக்கிறது, பார்க்கிறவர்கள் அப்படித்தான் நினைப்பார்கள், உள்ளே என்ன என்று எனக்குத் தெரியும், பியூலா பக்கத்தில் படுத்துக்கொண்டு கோமதி அவளைப் பார்த்துக்கொள்வாள், அது நான் கொடுக்கிற ஏதோ ஒரு ஈடு. எழுதியதை அடித்தேன். அவளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன. இது ஜோடிகளுக்கானது, உனக்குத்தான் கஷ்டமாக இருக்கும் என்று பக்குவமாகச் சொல்லலாம், என் சட்டமே இருக்கிறது, தனியாக வந்தால் சேர்க்கமாட்டோம். சட்டம் போட்டவன் நான்தானே. இதை நினைத்த உடனே யாரோ பார்த்துவிட்ட மாதிரி நோட்டை மூடினேன். கோமதியிடம் எத்தனை தடவை சொல்ல வாயெடுத்திருக்கிறேன். அவளுக்குத் தப்பு என்றால் தப்பு, சிவப்பு மைதான், பக்கத்தில் பாவம் பார்த்து அரை மதிப்பெண் போடுகிறவள் இல்லை. ஆனால் பயம் அதுவல்ல. அவள் ஒருவேளை மன்னித்துவிட்டால்? விடுங்க, தெரிஞ்சா செய்தீங்க என்று சொல்லிவிட்டால்? தெரிந்துதான் செய்தேன், பாதி தெரிந்து. அந்தப் பாதியை அவளுக்கு எப்படிச் சொல்வது, ஜிப்பில் விரல் பட்டதை எப்படிச் சொல்வது. பெயர் எழுதிக்கொடுக்கிற தாளையும் தயார் செய்ய வேண்டும். பெயர், வயது, இரத்த வகை, அவசரத்துக்கு யாரைக் கூப்பிட. போன வருடம் வரை இவ்வளவுதான். கடைசியில் ஒன்று சேர்த்தேன்: உடம்பில் என்ன தொந்தரவு இருந்தாலும், எவ்வளவு சின்னதாக இருந்தாலும், புறப்படும் முன்பும் வழியிலும் எல்லாருக்கும் தெரியச் சொல்ல வேண்டும். படித்துப் பார்த்தேன். எல்லாருக்கும் தெரிய என்பதை எடுத்துவிடலாமா என்று தோன்றியது. எடுக்கவில்லை.

பியூலா ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே வந்துவிட்டாள், சைக்கிளில்தான். வாசலில் பிரேக் பிடிக்கிற சத்தம் கேட்டது. மெலிந்திருந்தாள், முடியில் நரையை அப்படியே விட்டிருந்தாள். கோமதி அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து உட்கார வைத்து, மகன் பெங்களூரிலிருந்து பேசுகிறானா, ராத்திரி யார் துணைக்குப் படுக்கிறார்கள் என்றெல்லாம் கேட்டாள், பியூலா ஒவ்வொன்றுக்கும் சின்னதாகப் பதில் சொன்னாள். வீட்டுக்குள்ளேயே இருந்தா சரியா வராதுக்கா, அவங்க வாங்கிக் குடுத்த சைக்கிள் துரு ஏறுது, அதான் வாரேன்னு சொல்லிட்டேன் என்றாள். காபி வந்தது. நான் வரைபடத்தை அவள் பக்கம் திருப்பி வைத்து ஒவ்வொரு ஊராகச் சொன்னேன், என் விரல் சேரன்மகாதேவியில் இருந்து அம்பாசமுத்திரம் வரை போயிற்று. அவள் பார்த்துக்கொண்டே வந்து, மேடே இல்லையேண்ணே என்றாள். இல்லை என்றேன். அவங்க இருந்தா இது என்னய்யா கோலம் போட்ட மாதிரி ரூட்டுன்னு சொல்லியிருப்பாங்க என்று சொல்லி லேசாகச் சிரித்தாள், கோமதியும் சிரித்தாள். பிறகு தாளை எடுத்து நிரப்பத் தொடங்கினாள். பெயர், வயது. அவசரத்துக்கு யாரைக் கூப்பிட என்ற இடத்தில் கொஞ்சம் நின்று மகன் நம்பரை எழுதினாள். கடைசி வரிக்கு வந்ததும் அதை மெதுவாக வாய்விட்டுப் படித்தாள். எவ்வளவு சின்னதாக இருந்தாலும். எல்லாருக்கும் தெரிய. பேனாவைத் தாளில் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். இது போன வருசம் இல்லையேண்ணே என்றாள். கேள்வி மாதிரி இல்லை. இல்லை, இந்த வருசம்தான் என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை, கேட்டிருந்தால் ஏதாவது ஒன்று சொல்லியிருப்பேன், முன்ஜாக்கிரதை, வயசு ஆயிட்டுல்லா, அப்படி ஏதாவது வாயில் தயாராகத்தான் இருந்தது. அவள் கேட்காமல் பார்த்துக்கொண்டே இருந்ததில் அது வராமல் போயிற்று.

“அவரு சொன்னாரு பியூலா. டீக்கடையில. இடது தோள் கனக்குன்னு சொன்னாரு. நான் கேஸ்னு சொல்லி மாத்திரை குடுத்து மேல கூட்டிட்டுப் போனேன். டாக்டர்ட்ட பொய் சொன்னேன்.”

சொல்லி முடித்ததும் நிற்கவில்லை, பன்னிரண்டு மாலையையும் போட்டோவையும் சொன்னேன், வெயில் இல்லை என்பதைச் சொன்னேன், ஜிப்பைச் சொன்னேன், கீழ் அறையில் என்ன இருந்தது என்று சொன்னேன், உன்கிட்ட சொல்லிராதன்னு அவர் சொன்னாரு என்பதை மட்டும் சொல்லலாமா வேண்டாமா என்று தடுமாறினேன், அது பழியை அவர் மேல் கொஞ்சம் தள்ளுகிற மாதிரி இருக்கும், ஆனால் இனி ஒன்றையும் விடக்கூடாது என்று அதையும் சொன்னேன். கோமதி நின்ற இடத்திலேயே நின்றாள். காபித் தம்ளரை எடுக்கக் குனிந்தவள் எடுக்காமல் நிமிர்ந்தாள், என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, இவர் யார் என்று பார்க்கிற மாதிரி இருந்தது, அதைத் தாங்க முடியாமல் மேசையைப் பார்த்தேன். பியூலா அழுவாள், எழுந்து போவாள், திட்டுவாள் என்று பத்து மாதமாக ஒவ்வொன்றையும் நடத்திப் பார்த்து வைத்திருந்தேன். அவள் சேலைத் தலைப்பின் ஓரத்தை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். வெளியே பால்காரர் மணியடித்துக்கொண்டு போனார். பிறகு அவள் பேசினாள், குரல் உயரவில்லை.

“டீக்கடையில இருந்து அந்த வளைவு வரைக்கும் இருபது நிமிசம் இருக்கும்லாண்ணே. அந்த இருபது நிமிசம் என்ன பேசினாங்க?”

எனக்கு விளங்கவில்லை. மறுபடி கேட்டாள். அப்போதுதான் விளங்கியது. பத்து மாதமாக டீக்கடைக்கும் தடுப்புச்சுவருக்கும் நடுவில் நான் போனதே இல்லை. தண்ணீர் டிரம், மாத்திரை, நிழல், அங்கிருந்து ஒரே தாவல், சாய்த்து வைத்த சைக்கிள். நடுவில் இருபது நிமிடம் அவர் என் பக்கத்தில் பேசிக்கொண்டே வந்தார், அவருடைய கடைசிப் பேச்சு, அது முழுதும் என்னிடம்தான் இருந்தது, வேறு யாரிடமும் இல்லை, இவளுக்குச் சேர வேண்டியது, நல்லாத்தான் பேசிட்டு வந்தாரு என்று சொன்னேனே தவிர என்ன பேசினார் என்று ஒரு நாளும் வந்து சொல்லவில்லை, பொய்க்குப் பயந்து நாற்பதாம் நாளுக்குப் பிறகு அவள் வீட்டுப் பக்கமே போகாமல் இருந்துவிட்டேன். ஆஸ்பிரினுக்கும் மேலே இது ஒன்று இருந்திருக்கிறது, எனக்குத் தெரியவேயில்லை. கண்ணை மூடிக்கொண்டு தேடினேன். முதலில் ஒன்றும் வரவில்லை, பயமாக இருந்தது, போய்விட்டதோ என்று. பிறகு மெதுவாக வந்தது. குளியலறைக் குழாய் சொட்டுவதைப் பற்றிச் சொன்னார், வாஷர் வாங்கி வைத்திருக்கிறேன், மாட்டத்தான் நேரம் இல்லை என்றார். ஒரு மாணவன் விடைத்தாளில் கேள்வியையே மூன்று தடவை எழுதி வைத்திருந்ததைச் சொல்லிச் சிரித்தார். ஈஸ்டருக்கு நாசரேத்துக்கு பஸ்ஸில் போகலாமா, சைக்கிளில் போகலாமா என்று கேட்டார். பியூலா, அவங்க அப்படியா சொன்னாங்க, நாசரேத்துக்கா என்றாள். ஆமா, உங்க அம்மா வீட்டுக்கு என்றேன். வாஷர் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தாளாம், வாங்கவேயில்லை என்று நினைத்துப் புதிதாக ஒன்று வாங்கி மாட்டினாளாம். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, ஏறும்போது நான் ஒருதரங்கூட திரும்பிப் பாக்கலண்ணே, கோமதி அக்கா கூட பேசிக்கிட்டே போயிட்டேன், அதுதான் எனக்கு எப்பமும் உறுத்துது என்றாள்.

அதற்கும் அவர் ஏதோ சொல்லியிருந்தார். நிச்சயமாகச் சொல்லியிருந்தார், முதல் திருப்பத்தில், முன்னால் போகிற பியூலாவின் நீலச் சட்டையைப் பார்த்துக்கொண்டே. அதைச் சொல்ல வாயெடுத்தவன் நிறுத்தினேன். இவளுக்கு இதமாக இருக்கட்டும் என்று நானாகக் கட்டிச் சொல்கிறேனா, எனக்குத்தான் கட்டிச் சொல்ல வருமே, வெயிலைக் கட்டியவன், நல்லாத்தான் இருந்தாரு என்று கட்டியவன். உள்ளே திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தேன். சாலை, வலது பக்கம் பள்ளம், அவர் மூச்சு வாங்கியது, பேச்சை நிறுத்தி நிறுத்திச் சொன்னார். இருந்தது. சொன்னேன்.

“‘பாரு சைலம், முதுகு எவ்வளவு நேரா வச்சிருக்கான்னு. திரும்பிப் பாக்கமாட்டா, திரும்பினா ஹேண்டில் ஆடும்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன்’னு சொன்னாரு. சந்தோசமாத்தான் சொன்னாரு.”

பியூலா நிமிர்ந்தாள். கண் நிறைந்திருந்தது, ஆனால் அதற்குப் பின்னால் வேறொன்றும் இருந்தது, அவள் என் முகத்தை இடமிருந்து வலமாகத் தேடினாள், ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது பார்த்த அதே முகத்தை. “நிசமா சொன்னாங்களா, இல்ல எனக்காகச் சொல்லுதீங்களா?” என்று கேட்டாள். நிசம் என்றேன். நிசம் பியூலா என்று இன்னொரு தடவையும் சொன்னேன், இரண்டாவது தடவை சொன்னதும் அது பொய் மாதிரிக் கேட்டது. என்னிடம் வேறு சாட்சி கிடையாது. மலையில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம், ஒருத்தர் இல்லை, இன்னொருத்தன் பொய் சொன்னவன் என்று இப்போதுதான் அவனே சொல்லி முடித்திருக்கிறான். அவள் நம்பினாளா இல்லையா என்று அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள், நாற்காலியை மேசைக்கு இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

முதல்ல இருந்து சொல்லுங்கண்ணே, டீக்கடையில இருந்து, ஒண்ணும் விடாம என்றாள். கோமதி வந்து அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள், என் பக்கத்தில் காலியாக ஒன்று இருந்தது, அதில் உட்காரவில்லை. இரண்டு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தண்ணீர் டிரம்மிலிருந்து ஆரம்பித்தேன்.